வெறுங்கை

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு ஐம்பத்தொன்று. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். எங்கள் ஊரும் முதலில் சிரிக்கத்தான் செய்தது.

குரு, கால்நடை மருந்தகத்து டாக்டர் பரமகல்யாணி. சீடர், அங்கே உதவியாளராக இருந்த கோயில்பிச்சை. இருபத்தாறு வருஷம் ஏதோ ஓர் ஆபீசில் கோப்புக் கட்டுகளை ஏற்றி இறக்கிய மனுஷன். மாற்றலாகி இங்கே வந்தபோது ஆட்டுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பது வரைக்கும் தெரியும். அதற்கு மேல் கேட்டால் தலையைச் சொறிவார்.

ஆனால் ஆசை இருந்தது. ஒரே வருஷத்தில் ஊசி போடக் கற்றுக்கொண்டார். வாத்தியார் வீட்டு நாய் ஏழு குட்டி போட்டபோது ஏழையும் துண்டில் ஏந்தித் துடைத்தார். மாட்டுக்குக் கன்று திரும்பிக்கொண்டால் டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கயிறு பிடிக்கச் சொன்ன இடத்தில் பிடித்து, விடச் சொன்ன இடத்தில் விட்டார். "எனக்கு இது நல்லா வருது, பாத்தியா?" என்று பெண்டாட்டியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

அப்புறம்தான் அந்தக் காரியம் நடந்தது.

டாக்டரம்மா கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு நாள், மேலத்தெரு மாடத்தியின் ஆடு ஈன முடியாமல் கிடந்தது. கன்னி இனத்து ஆடு, நல்ல சாதி. பிச்சை தனியாகப் போனார், கையை விட்டார், இரண்டு குட்டிகளை உயிரோடு எடுத்தார். மாடத்தி காப்பி போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் வரை டீக்கடையில் அவர் பேச்சுத்தான், அதுவும் அவர் வாயால்தான்.

மூன்றாம் நாள் ஆடு செத்துப்போனது. டாக்டரம்மா வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். உள்ளே மூன்றாவது குட்டி இருந்தது.

மாடத்தி அழவில்லை. "ரெண்டு குட்டிய எடுத்ததும் இந்த ஆளு கையக் கழுவிட்டாரு" என்று மட்டும் சொன்னாள். அதோடு பிச்சை மேலத்தெரு வழியாக நடப்பதையே விட்டுவிட்டார். தபால் ஆபீசுக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

ஒரு வாரம் கழித்து வந்து நின்றார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஒரு கை தப்புப் பண்ணிட்டா, பொறவு அந்தக் கைய என்ன செய்ய?"

"வீட்டுல பழைய சட்டை ரெண்டு இருந்தா நாளைக்குக் கொண்டுவாங்க" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் அந்த இரண்டு சட்டைகளையும் சோப்புத் தண்ணியில் முக்கி, ஒரு சாக்குக்குள் திணித்து, கை நுழையும் அளவுக்கு வாயைச் சுருக்கிக் கட்டினார்.

"ஒரு சட்டைய மட்டும் எடுங்க. பாக்கக் கூடாது."

"ஆட்டுல நான் இனிமே கை வைக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

"சாக்குல ஏது ஆடு?"

பிச்சை கையை விட்டார். இரண்டு சட்டைக்கை அகப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார். பாதி வந்து சாக்கு வாயில் இறுகிக்கொண்டது.

"இழுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?"

மனுஷனுக்குப் பலத்துக்குக் குறைச்சல் இல்லை. காலை ஊன்றி ஓர் இழுப்பு இழுத்தார். டர்ரென்று தையல் கிழிந்தது. வெளியே வந்தது ஒரு நீலக் கையும் ஒரு வெள்ளைக் கையும்.

பிச்சை இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு சட்டையோட கையில்லா இது?"

"ஆமா. கையில ஒரு கை கிடைச்சதும் எங்க போகணும் அண்ணாச்சி?"

"வெளிய."

"உள்ள."

கிடைத்த கையைப் பிடித்தபடியே உள்ளே போக வேண்டும். தோள், காலர், அந்தப் பக்கத்துத் தோள், அதன் வழியே இறங்கினால் அதே சட்டையின் இன்னொரு கை. இரண்டும் ஒரே உடம்பு என்று தெரிந்த பிறகுதான் இழுப்பு. சொல்ல ரொம்ப லேசு. பிச்சைக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், "என்ன அண்ணாச்சி, டாக்டரம்மா துணி துவைக்கப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டை இரண்டு மூன்றானது, மூன்று நான்கானது, மாதமும் நான்கானது.

"இப்ப ஒரு ஆட்டப் பாக்கீங்களா?"

"மாட்டேன்."

"சரி" என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான். வற்புறுத்துகிற ஆள் இல்லை அவர்.

அப்போது அவருக்கு ஐந்தாம் மாதம். ஆட்டுப் பிரசவங்களைப் பக்கத்து ஊர் டாக்டருக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். ஆட்டுப் பனிக்குடத்தில் சில கிருமி உண்டு, வயிற்றுப் பிள்ளைக்காரி உடம்பில் ஏறினால் பிள்ளை தங்காது. இதைப் பிச்சையிடம் ஒரு தடவை சொன்னார், பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு போன் வந்தது. மாடத்தி.

"தாயி, விடியக்காலம் பனிக்குடம் உடைஞ்சுது. அப்போலேருந்து முக்குது. காலு தெரியுது, குட்டி வரல. செத்ததுக்கு இது கூடப்பொறந்த ஆடு. இதுவும் போச்சுன்னா நான் ஆட்டுப்பக்கம் தலைவச்சும் படுக்கமாட்டேன்."

பக்கத்து ஊர் டாக்டர் அன்றைக்கு விடுமுறையில் இருந்தார்.

டாக்டரம்மா பையை எடுத்தார். "ஆட்டோ கூப்பிடுங்க அண்ணாச்சி."

"நீங்க அங்க போகக் கூடாதுல்லா?"

"கிட்டத்துல போகமாட்டேன்."

"பொறவு ஆட்ட யாரு பாக்குறது?"

டாக்டரம்மா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் ஏறிய பிச்சையின் மடியில் பையை வைத்தார்.

மாடத்தியின் தொழுவம் வீட்டுக்குப் பின்னால், முள்வேலிக்குள். பிச்சையைக் கண்டதும் அவள் படலை இழுத்துச் சாத்தினாள்.

"டாக்டரம்மா வரட்டும். இந்த ஆளு கை என் ஆட்டு மேல படக் கூடாது."

பிச்சை திரும்பி நடந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். உள்ளபடிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் வேலிக்குள் ஆடு ஒரு சத்தம் போட்டது. முக்கி முக்கித் தொண்டை கட்டிப்போன சத்தம். அவர் கால் நகரவில்லை.

டாக்டரம்மா தூரத்தில் நின்றபடியே சொன்னார். "மாடத்தி, நான் உள்ள வந்தா என் பிள்ளை கலைஞ்சாலும் கலைஞ்சிரும்."

மாடத்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ என் தாயி! ஏன் முதல்லயே சொல்லல? அங்கனயே நில்லு!" என்று ஓடிப்போய், கிடந்த பனங்கட்டை ஒன்றை உருட்டிவந்து வேலிக்குப் பத்தடி முன்னால் போட்டாள். "இதத் தாண்டப்படாது. சொல்லிட்டேன்."

"தாண்டமாட்டேன். அவரை உள்ள விடு."

"டாக்டரம்மா, இவரு ஏற்கெனவே..."

"அதனாலதான் சொல்லுதேன். தப்புப் பண்ணாத கையா வேணும்னா ஊருல நிறைய இருக்கு. அதுல ஒண்ணும் ஆட்டுக்குள்ள போனதில்லை."

மாடத்தி ஆட்டைப் பார்த்தாள். பிறகு படலைத் திறந்தாள். ஆனால் பிச்சையின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் மோதிரத்தைக் கழற்றினார், கடிகாரத்தைக் கழற்றினார். முழங்கைக்கு மேல் வரை சோப்புப் போட்டுக் கழுவி, உறை மாட்டி, எண்ணெய் தடவிக்கொண்டார். ஆட்டுக்குப் பின்னால் மண்டியிட்டார்.

"என்ன தெரியுது?" டாக்டரம்மாவின் குரல் கட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"ரெண்டு காலு வெளிய நிக்குது. குளம்பு ரெண்டும் கீழ பாத்து. முன்னங்காலுதான்."

"தலை?"

"காணல."

"சரி."

"இழுக்கவா?"

பிச்சை திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கால், வாகாகக் கைக்கு எதிரே நிற்கிறது. ஒரே இழுப்பில் வந்துவிடும் போலத்தான் இருந்தது. அவர் இழுக்கவில்லை. ஒரு காலைப் பிடித்தபடியே கையை உள்ளே விட்டார். முட்டு. தோள். நெஞ்சு. அந்தப் பக்கத்துத் தோளைப் பிடித்து இறங்கினால், இன்னொரு கால் உள்ளேயே மடங்கிக் கிடக்கிறது.

"டாக்டரம்மா! இது ரெண்டும் ஒருத்தன் காலு இல்ல! ஒண்ணு அண்ணன், ஒண்ணு தம்பி! ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வாசலுக்கு வந்து மாட்டிக்கிட்டானுவ!"

"அப்படியா?"

"ஒருத்தன உள்ள தள்ளணும். யாரத் தள்ள?"

"நீங்கதான் உள்ள இருக்கீங்க அண்ணாச்சி. நான் வேலிக்கு வெளிய நிக்கேன்."

பிச்சைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையை மறுபடி விட்டு இரண்டு தலையையும் தேடினார். ஒன்று கிட்டத்தில் இருந்தது, பக்கவாட்டில் திரும்பியிருந்தது. மற்றது எட்டத்தில் இருந்தது.

"எட்டத்துல கிடக்கவனத் தள்ளுதேன்."

"அவ முக்கும்போது தள்ளாதீங்க. அவ மூச்சு வாங்கும்போது தள்ளுங்க."

ஆடு முக்கியது. அவர் காத்திருந்தார். ஆடு மூச்சு வாங்கியது. அவர் தள்ளினார். மறுபடி முக்கியது, மறுபடி காத்திருந்தார். எட்டத்தில் கிடந்தவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கினான். கிட்டத்தில் இருந்தவனின் தலையைத் திருப்பி, மடங்கிய காலை நிமிர்த்தி, குளம்பைத் தன் உள்ளங்கையால் பொத்திக் கொண்டுவந்தார். தாய்க்குக் கீறிவிடக் கூடாது இல்லையா.

"இப்போ இழுக்கேன்."

"அவகூடச் சேந்து."

"தெரியும்" என்றார் பிச்சை.

அவள் முக்கினாள், அவர் ஆட்டு மடிப்பக்கமாகக் கீழே சரித்து இழுத்தார். மூக்கு, நெற்றி, காது, பிறகு வழுக்கிக்கொண்டு முழு உடம்பும் வைக்கோலில் விழுந்தது. மாடத்தி சாக்கால் துடைத்தாள். குட்டி தும்மிற்று, தலையை உதறிற்று. பத்து நிமிஷத்தில் தம்பியும் வந்து சேர்ந்தான், அவனுக்கு அதிகம் இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

மாடத்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டும் கெடா. இருங்க அண்ணாச்சி, காப்பி போட்டுட்டு வாரேன்" என்று எழுந்தாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அண்ணாச்சி என்கிறாள்.

"காப்பி இருக்கட்டும் மாடத்தி. அந்த எண்ணெயக் கொடு."

கையை மறுபடி விட்டார். யாரும் சொல்லவில்லை, அவராகவே விட்டார்.

"இருக்கு" என்றார். "மூணாவது ஒண்ணு இருக்கு."

மாடத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பின்னங்காலு. ரெண்டும் ஒருத்தன் காலுதான், இடுப்பு வரைக்கும் தடவிட்டேன்."

"தலை கடைசியில வரும். தொப்புள்கொடி நசுங்கிச்சுன்னா உள்ளயே மூச்சு விட்டுத் தண்ணியக் குடிச்சிரும். இடுப்பு வெளிய வந்த பொறவு தாமதிக்கக் கூடாது."

பிச்சை தாமதிக்கவில்லை. ஆடு முக்கிய முதல் முக்கலில் இடுப்பு வந்தது, அடுத்ததில் விலா, அதே இழுப்பில் தலை. பெட்டைக் குட்டி. ஈரத்துணி மாதிரிக் கிடந்தது. அசைவில்லை.

"செத்துப்போச்சு" என்றாள் மாடத்தி.

"என்ன ஆச்சு?" டாக்டரம்மா ஓரடி முன்னால் வந்தார். இன்னோரடி. கட்டையைத் தாண்டக் காலைத் தூக்கிவிட்டார்.

"நில்லுங்க டாக்டரம்மா!"

தொழுவமே அதிர்ந்தது. கத்தியது கோயில்பிச்சை.

"அங்கனயே நில்லுங்க! நான் இருக்கேம்லா!"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்த அதிகாரியிடமும் குரலை உயர்த்தாத மனுஷன். டாக்டரம்மா தூக்கிய காலைப் பின்னால் வைத்தார்.

பிச்சை குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுக் கோழையை வழித்தார். தலைகீழாகப் பிடித்து மூக்குத் தண்ணியை வடித்தார். சாக்கை எடுத்து விலாவில் பரபரவென்று தேய்த்தார். ஒரு வைக்கோலை ஒடித்து மூக்குக்குள் விட்டுத் திருகினார். "தும்மு. ஏட்டி, தும்மு. உன் அண்ணன்மாரு தும்மிட்டானுவ, உனக்கென்ன கேடு?" தேய்த்தார், திருகினார், திட்டினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

குட்டி தும்மியது.

சின்னத் தும்மல்தான். அப்புறம் ஒரு மூச்சு, அப்புறம் ஒரு கத்தல். தாய் ஆடு தலையைத் திருப்பி, மூன்றாவதையும் நக்கத் தொடங்கியது.

மாடத்தி இப்போது அழுதாள். போன தடவை அழாததற்கும் சேர்த்து ஓவென்று அழுதாள். "எய்யா, நல்லாயிருப்பிய! நல்லாயிருப்பிய!" என்று கும்பிட்டாள்.

பிச்சை அதைக் காதில் வாங்கவில்லை. உறையை மாற்றி, எண்ணெய் தடவி, மறுபடி கையை விட்டுக்கொண்டிருந்தார். வலதுபக்கம் தேடினார், இடதுபக்கம் தேடினார். கையை எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். திரும்பவும் விட்டார்.

"இன்னும் என்ன தேடுதிய அண்ணாச்சி?"

"இருக்கும் மாடத்தி. எங்கயாவது ஒரு மூலையில இருக்கும்."

எடுத்தார். மூன்றாவது தடவையும் விட்டார். ஆடு வலியில் உடம்பைச் சுருக்கியது. அவர் நெற்றியில் வேர்வை கொட்டியது. குட்டியை எடுக்கும்போதுகூட இவ்வளவு வேர்க்கவில்லை.

"அண்ணாச்சி" என்று கூப்பிட்டார் டாக்டரம்மா. "கையில என்ன தட்டுப்படுது?"

"ஒண்ணும் தட்டுப்படல."

"எங்கெல்லாம் பாத்தீங்க?"

"ரெண்டு பக்கமும் பாத்துட்டேன். கை எட்டுற வரைக்கும் பாத்துட்டேன்."

"வெளியேருந்து வயித்தத் தூக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கெட்டியா எதுவும் இல்ல. லேசாத்தான் இருக்கு."

"பொறவு என்ன?"

பிச்சை கையை இன்னும் வெளியே எடுக்காமல் திரும்பினார். ஐம்பத்தொரு வயது முகம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை முகம் மாதிரி ஆகியிருந்தது.

"வெறுங்கையால்லா வருது, டாக்டரம்மா."

டாக்டரம்மா பனங்கட்டையின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"அந்த வெறுங்கைக்குத்தான் அண்ணாச்சி இவ்வளவு பாடும். பத்திரமா எடுத்துக்கிட்டு வாங்க, வீட்டுக்குப் போவோம்."